சம்பந்தி வீட்டுக்குப் போன காளான்

காளான் சைவம்தான். இதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. மண்ணில் முளைக்கிறது, இரத்தம் கிடையாது, எலும்பு கிடையாது, பிறகு எப்படி அசைவமாகும்? ஆனால் புரட்டாசி பிறந்துவிட்டால் இங்கே மலேசியாவில், எங்கள் ஈப்போவில் பாதிப் பேர் காளானைத் தொட மாட்டார்கள். வாயில் போட்டால் இறைச்சி மாதிரி இருக்கிறதாம், அதனால் விரதம் கெட்டுவிடுமாம். ருசியாக இருப்பதெல்லாம் பாவமா என்று கோயில் வாசலிலேயே நான் சண்டை போட்டிருக்கிறேன்.

அந்தப் புரட்டாசியில் என் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை வீடு லகாட்டில். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். சம்பந்தியம்மாவுக்குப் பேச்சு குறைவு, பார்வை அதிகம். உடம்பில் சர்க்கரை, இருதயத்தில் ஸ்டென்ட், அதற்கு மேல் ஆசாரம். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் சாமி மேடையில் விளக்குத் திரி கருகிக் கிடந்ததை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. நானோ வாயாடி. கணவர் போனபிறகு மகளை வளர்த்து ஆளாக்கியதே இந்த வாயை வைத்துத்தான். "அம்மா, தாலி கட்டுற வரைக்கும் கொஞ்சம் வாயைக் கட்டிக்கிட்டு இருங்கலா" என்று மகள் தினமும் கெஞ்சிக்கொண்டிருந்தாள். நானும் கட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று சனிக்கிழமை. வாரம் முழுக்க மழை பெய்து, காலையில்தான் கொஞ்சம் வெளுத்திருந்தது. என் அண்ணன் வந்து நின்றார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். அண்ணி தெலுக் இந்தானில் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்ததால் அந்த மாதம் அவருக்குச் சாப்பாடு என் வீட்டில்தான்.

"தங்காச்சி, கெளம்பு. இப்படி மழை பேஞ்சா நம்ம தோட்டத்துல காளான் வந்துருக்கும்."

"எந்தத் தோட்டம்ணே? அங்கதான் வரிசையா வீடு போட்டுத் தாமான் கட்டிட்டானே."

"தாமான் கட்டுனா மண்ணு ஓடிப்போயிடுமா? வாலா."

அண்ணன் சொன்னது நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தை. பத்து காஜா ஊருக்குப் போகிற பக்கம். இப்போது பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை, பாதி வரிசை வீடுகள். கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரம் மருந்துக்குக்கூட இல்லை. ரப்பர் பால் நிறுக்கும் கொட்டாயின் சிமெண்டுத் தரை மட்டும் ஒரு மூலையில் உடைந்து கிடக்கிறது. அதன் மேல் ஏறி நின்று அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்தார், கையை நீட்டிக் கோடு போட்டார், பிறகு விறுவிறுவென்று நடந்தார். போய் நின்ற இடம் புது வீடுகளுக்குப் பின்னால் இருந்த விளையாட்டுத் திடல். பச்சைப் புல் போட்டு, ஒட்ட வெட்டி, அழகாக வைத்திருந்தார்கள். அதன் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று குடை விரித்துக்கொண்டு நின்றன. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கூட்டமே நின்றது.

"பாத்தியா! அம்மாவோட நிரை. புத்து இருந்த அதே எடம்!" அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும்தான். பொய் சொல்வானேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் செய்த கூத்து புரியாது. தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் பால் வெட்ட இத்தனை வரிசை மரம் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அதுதான் நிரை. நிரையில் எது முளைத்தாலும் அது அந்த நிரைக்காரருக்கு. கீரையானாலும் சரி, காளானானாலும் சரி, அடுத்தவர் கை வைத்தால் அன்று நாங்கள் குடியிருந்த லயமே இரண்டுபடும். அதனால் காளான் என்றால் எங்களுக்கு ஓர் இடம். இன்னார் நிரை, இன்ன புற்று, மழைக்குப் பிறகு இந்த இடத்தில் வரும், அவ்வளவுதான். யாராவது காளான் கொண்டுவந்தால் அதைத் தூக்கிப் பிடித்து யாரும் பார்க்க மாட்டார்கள். எங்கே பறித்தாய் என்றுதான் கேட்பார்கள். இடம் சரியாக இருந்தால் காளானும் சரி.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஆட்கள் காளானைப் பிடுங்க மாட்டார்கள். பிடுங்கினால் அடுத்த மழைக்கு வராது என்று ஒரு நம்பிக்கை. பால்வெட்டும் கத்தியால் தரையோடு சேர்த்து அறுத்துவிட்டு வந்துவிடுவார்கள். புற்றுக்காளானுக்கு அடியில் ஒரு நீள வேர் உண்டு. மண்ணுக்குள் கரையான் கூடு வரைக்கும் இறங்கிப் போகும். மேலே எத்தனையோ காளான் ஒன்றைப் போல் ஒன்று இருக்கலாம், அந்த வேர் மட்டும் ஏமாற்றாது. இதெல்லாம் பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டது. அடையாளம் சொல்ல வேண்டிய வேரை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு வருவதுதான் எங்கள் பழக்கம். அம்மா அந்த வேரைப் பார்த்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

அன்றும் அண்ணன் அப்படியே செய்தார். காய்கறிக் கத்தியை வைத்து ஒவ்வொன்றாக அறுத்து என் பையில் போட்டார். புற்றை எந்தக் காலத்திலோ இயந்திரம் வைத்துச் சமப்படுத்தியிருப்பார்கள். புல்லும் எங்கிருந்தோ லாரியில் வந்த புல். புற்றே இல்லாத இடத்தில் புற்றுக்காளான் எப்படி வரும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. குடையின் மேல் பழுப்பாகச் செதில் செதிலாக இருந்தது. மழையில் தெறித்த மண் என்று நினைத்து விரலால் தேய்த்தேன், போகவில்லை. "சமைக்கையில கழுவிக்கலாம்" என்றார் அண்ணன். சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து ஒரு பங்கைச் சமைத்தேன். மஞ்சள் தூள் போட்டுக் கொதிக்க வைத்துப் பார்த்தேன், கறுக்கவில்லை. கறுத்தால்தான் விஷம் என்பார்கள். அந்தச் சோதனையையும் நம்பக் கூடாது என்று இப்போது தெரியும். சோம்பு, பட்டை, தேங்காய் அரைத்து ஊற்றி இறக்கியபோது வாசனை பக்கத்து வீடு வரைக்கும் போயிருக்கும். மிச்சக் காளானைச் சமையலறை மேசையில் நாளிதழ் விரித்துக் கவிழ்த்து வைத்தேன்.

அன்று நான் விரதம். மகள் வேலை முடிந்து மதியம் வந்ததும் பெருமாளுக்குப் படைத்துவிட்டுத்தான் சாப்பாடு. அண்ணனுக்கு விரதமாவது ஒன்றாவது. "நீ சாமியப் பாரு, நான் சட்டியப் பாக்குறேன்" என்று ஒரு தட்டுச் சோற்றைப் போட்டுக்கொண்டு மூக்கு முட்டச் சாப்பிட்டார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வந்தார். கல்யாணத்துக்கு எடுக்க வேண்டிய புடவையின் நிறத்தை மகளிடம் காட்டச் சொல்லி ஒரு துணித் துண்டை அவர் அம்மா கொடுத்தனுப்பியிருந்தார். வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? சில்வர் டப்பா நிறையக் குழம்பை ஊற்றி, மூடி போட்டுக் கட்டிக் கொடுத்தேன். "அம்மாகிட்ட குடுங்க தம்பி. தோட்டத்துக் காளான், கடையில கெடைக்காது" என்று பெருமை வேறு. அவர் வீட்டில் கொடுத்துவிட்டு அப்படியே தொழிற்சாலைக்கு இரண்டாவது ஷிப்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பெருமாளுக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் குளியலறையில் அண்ணன் குமட்டும் சத்தம் கேட்டது. முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, தின்ற தீனி அப்படி. கொஞ்ச நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து தரையில் படுத்துவிட்டார். முகம் வெளிறி, வேர்த்துக் கொட்டியது. ஓடிப்போய் மேசையில் கவிழ்த்து வைத்திருந்த காளானில் ஒன்றைத் தூக்கினேன்.

நாளிதழில் பச்சைத் தூள் படிந்திருந்தது. காளானை வைத்து அச்சடித்த மாதிரி வட்டமாக, மங்கலான பச்சை. குடையைத் திருப்பிப் பார்த்தேன். காலையில் அடியில் வெள்ளையாக இருந்த மடிப்புகள் ஓரத்தில் பச்சை பிடித்திருந்தன. அடுத்ததைத் தூக்கினேன். அதன் கீழும் பச்சை. எந்த ஊரில் காளான் பச்சைப் பொடி கொட்டும்? அம்மாவின் காளானில் இப்படிப் பார்த்ததே இல்லை. பெருமாளே என்று கத்தினேன். அண்ணனுக்காக ஒரு தடவை, லகாட்டுக்குப் போன டப்பாவை நினைத்து இன்னொரு தடவை.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். கைப்பேசி அணைந்திருந்தது. தொழிற்சாலைக்குள் எடுத்துப் போகக் கூடாது என்று பெட்டியில் பூட்டி வைத்துவிடுவார்கள். சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஓய்ந்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. எடுத்தால் என்னவென்று சொல்வேன்? சம்பந்தி, உங்களுக்கு விஷத்தைக் கொடுத்தனுப்பிவிட்டேன் என்றா?

மகள் வந்துவிட்டாள். மாமாவைப் பார்த்ததும் பையைக்கூடக் கழற்றாமல் காரைத் திருப்பினாள். இரண்டு பேருமாகத் தூக்கி ஏற்றினோம். மடியில் வாளியை வைத்துக்கொண்டு அந்த நிலையிலும் அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"அங்க சொல்லாத தங்காச்சி. கல்யாணம் நின்னுடும். இது சும்மா வயித்துக் கோளாறுதான், ஒண்ணும் ஆவாது."

என் மகள் அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அவள் கல்யாணம் அது. கண் கலங்கியிருந்தாலும் குரல் கலங்கவில்லை. "அம்மா, அவங்களுக்கு ஹார்ட்டு. நீங்க நேரா அங்க போங்க" என்றாள். பச்சைப் பொடி படிந்த நாளிதழையும் இரண்டு காளானையும் பிளாஸ்டிக் பையில் போட்டு அவளிடம் கொடுத்தேன், டாக்டரிடம் காட்டட்டும் என்று.

நான் என் காரை எடுத்தேன். லகாட் ஒன்றும் தூரம் இல்லை. ஆனால் அன்று சிவப்பு விளக்கெல்லாம் எனக்காகவே எரிந்தது. மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி துடைப்பான் போய்வரும் ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா தட்டில் சோற்றைப் போட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பெருமாளே, அவர் சாப்பிட்டிருக்கக் கூடாது, என் வாயை வேண்டுமானாலும் நீ கட்டிப்போடு என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டு ஓட்டினேன். வழியில் மகளிடமிருந்து குரல் பதிவு வந்தது. மாமாவுக்கு டிரிப் ஏற்றிவிட்டார்கள், பயப்பட வேண்டாம் என்கிறார்கள், ஆனால் வயசானவர்கள், சர்க்கரை, இருதய நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால் தாங்காது என்று டாக்டர் சொன்னாராம்.

கேட்டைத் தட்டினேன். சம்பந்தியம்மா வந்தார், நெற்றியில் நாமம், கையில் துளசி. என்னைக் கண்டதும் முகம் இறுகியது. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"நல்ல வேளை நீங்களே வந்தீங்க. நான் ஒண்ணு கேக்கணும். இன்னிக்கு என்ன கெழமை? என்ன மாசம்?"

"சம்பந்தி, அந்தக் கொழம்ப..."

"புரட்டாசி சனிக்கெழம, நான் மாவிளக்குப் போட்டுட்டு உக்காந்துருக்கேன், காளானக் குடுத்து விடுறீங்க! தொறந்ததும் வீடெல்லாம் கவுச்சி வாடை. எங்க வீட்டுல இதெல்லாம் பழக்கமில்ல. நாளைக்கு உங்க பொண்ணு இங்க வந்து வாழணும், தெரியுமில்ல?"

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிடுறதா! அப்படியே லோங்காங்ல கொட்டிட்டேன்."

"கொட்டிட்டீங்களா? எல்லாத்தையுமா? நெசமாவா?"

"ஒரு சொட்டு வைக்கல."

போன உயிர் திரும்பி வந்தது. வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். என் சமையலை ஒருத்தி சாக்கடையில் கொட்டினேன் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள், எனக்கோ அவள் காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது. திட்டுங்கள், இன்னும் திட்டுங்கள் என்று மனம் அடித்துக்கொண்டது. சிரிப்பு வந்தது, அதற்கு முன்னால் கண்ணீர் வந்துவிட்டது.

அவர் பயந்துபோனார். திட்டியதற்குத்தான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் குடித்தேன். மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. குழம்பு சாக்கடைக்குப் போய்விட்டது. அண்ணனுக்கு ஆபத்தில்லை. இனிமேல் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அண்ணன் சொன்ன மாதிரி வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடக்கும்.

"தெரியாமப் பண்ணிட்டேன் சம்பந்தி, மன்னிச்சுக்குங்க. டப்பாவக் குடுங்க, நான் வாரேன்" என்று எழுந்தேன்.

"டப்பா இருக்கட்டும். கழுவித் தம்பிகிட்ட குடுத்து விடுறேன்" என்றவர் என் தோளைத் தொட்டார். "நானும் கொஞ்சம் கூடப் பேசிட்டேன். இந்த மழையில மன்னிப்புக் கேக்க இவ்வளவு தூரம் வந்துருக்கீங்க. பெரிய மனசு ஒங்களுக்கு."

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு ஒரு குணம் உண்டு. திட்டினால் நாள் முழுக்க நின்று வாங்கிக்கொள்வேன், செய்யாத நல்லதைச் செய்தேன் என்று யாராவது சொன்னால் உடம்பெல்லாம் கூசும். கேட் வரைக்கும் போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். முடியவில்லை.

"சம்பந்தி, நான் மன்னிப்புக் கேக்க வரல. அது நல்ல காளான் இல்ல. விஷம். எங்க அண்ணே சாப்பிட்டுட்டு இப்ப ஆஸ்பத்திரியில கெடக்குறாரு. நீங்க சாப்பிட்டுருப்பீங்களோன்னுதான் ஓடி வந்தேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன். மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நனைந்தபடி நின்றேன்.

உள்ளே குளிர்பெட்டியின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வந்தார். கையில் என் சில்வர் டப்பா. இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மூடியைத் திறந்து காட்டினார். நான் ஊற்றிக் கொடுத்தது அப்படியே இருந்தது.

"கொட்டல" என்றார். "சாப்பாட்ட எப்படிங்க கொட்டுறது? ஒங்கள நாலு வார்த்த கேக்கணும்னு சொன்னேன். வாசன அப்படியே மட்டன் மாதிரி இருந்துச்சு. சனிக்கெழம முடியட்டும், நாளைக்கு மத்தியானம் சூடு பண்ணிச் சாப்பிடலாம்னு வச்சிருந்தேன். தம்பி காலையிலயே கெளம்பிடுவான்."

நாளை மதியம் அந்த வீட்டில் அவர் தனியாக இருந்திருப்பார். டப்பாவை வாங்கித் தரையில் வைத்தேன். அவர் என் கையைப் பிடித்தார், விடவில்லை.

பிறகு காரியத்தில் இறங்கினோம். பூனை தின்றுவிடும் என்று அவர்தான் இரண்டு பிளாஸ்டிக் பை கொண்டுவந்தார். குழம்பை அதில் ஊற்றி, இறுக்கிக் கட்டி, குப்பைத் தொட்டியின் அடியில் திணித்தோம். டப்பாவையும் வேண்டாம் என்று அதோடு போட்டோம். குழாயடியில் இரண்டு பேரும் சேர்ந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது அவர் தலையைக் குனிந்தபடி மெதுவாகச் சொன்னார்.

"நான் எடுத்து வச்சிருந்தேன்னு தம்பிகிட்டயும் ஒங்க பொண்ணுகிட்டயும் சொல்லிடாதீங்க, சம்பந்தி."

"ஐயோ, நான் ஏன் சொல்றேன்!" என்றேன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரைப் பார்த்தேன். அவரும் முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டுதான் நின்றார்.

"ஒங்க அண்ணே எந்த வார்டுல இருக்காரு?" என்று கேட்டார். "வெறும் வயித்தோட கெடப்பாரு. இருங்க, கொஞ்சம் கஞ்சி வச்சு எடுத்துக்கிறேன். ஒங்க காடியிலயே போலாம்."

என் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய் அரிசியை அளந்து போட்டார். அவர் அரிசி களையும் சத்தம் கேட்டதும் நான் குழாயடியிலேயே உட்கார்ந்து, அந்த நாள் முழுக்க மிச்சம் வைத்திருந்த அழுகையை ஒரு மூச்சு அழுது தீர்த்தேன்.